அதிகப் பாயின்ட் எடுத்தவர் எப்படித் தோற்கிறார்? விம்பிள்டன் ஸ்கோரைப் படிக்கும் வழி

2019 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. லண்டனில் ஒரே நாளில் இரண்டு இறுதிப் போட்டிகள். லார்ட்ஸில் இங்கிலாந்தும் நியூஸிலாந்தும் கிரிக்கெட் உலகக் கோப்பைக்காக மோதிக்கொண்டிருந்தன. விம்பிள்டன் டென்னிஸில் நோவக் ஜோகோவிச்சும் ரோஜர் ஃபெடரரும். எங்கள் வீட்டு ரிமோட் அன்று யார் கையிலும் ஐந்து நிமிடம் நிற்கவில்லை. நம் நேரப்படி நள்ளிரவை ஒட்டி இரண்டும் முடிந்தபோது, சித்தப்பா டிவியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டுலயும் ஜெயிக்க வேண்டியவன் தோத்துட்டான். ரூல்ஸ்தான் தோக்கடிச்சுது."

கிரிக்கெட்டைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் நியாயம் உண்டு. இரு அணியும் 241 ரன். சூப்பர் ஓவரிலும் தலா 15. கடைசியில் யார் அதிகம் பவுண்டரி அடித்தார்கள் என்று எண்ணி இங்கிலாந்துக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள். அந்த விதியைப் பிறகு தூக்கியும் விட்டார்கள்.

டென்னிஸ் கதை வேறு. அன்று ஃபெடரர் எடுத்தது 218 பாயின்ட், ஜோகோவிச் எடுத்தது 204. பதினான்கு பாயின்ட் அதிகம் எடுத்தவர் தோற்றார். இதை இன்றைக்கும் ஏதோ அநியாயம் நடந்த மாதிரிதான் பேசுகிறார்கள். ஆனால் அங்கே கடைசி நேரத்தில் யாரும் புதுக் கணக்கு எதையும் கொண்டுவரவில்லை. டென்னிஸ் எப்போதுமே அப்படித்தான் எண்ணப்படுகிறது. எப்படி என்று பார்ப்போம். டென்னிஸ் பார்த்தே பழக்கமில்லாதவர்களும் தைரியமாக உள்ளே வரலாம்.

ஓட்டும் தொகுதியும்

கிரிக்கெட்டில் எல்லா ரன்னும் ஒரே உண்டியலில் விழுகிறது. முதல் ஓவரில் அடித்த நான்குக்கும் கடைசி ஓவரில் அடித்த நான்குக்கும் மதிப்பு ஒன்றுதான். டென்னிஸை அந்தக் கண்ணோடு பார்ப்பதால்தான் குழப்பம். டென்னிஸுக்குச் சரியான உவமை நம் சட்டமன்றத் தேர்தல்.

மூன்றே தொகுதி, இரண்டே கட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் 100 ஓட்டு. முதல் தொகுதியில் அ கட்சிக்கு 90, ஆ கட்சிக்கு 10. மற்ற இரண்டிலும் அ கட்சிக்கு 45, ஆ கட்சிக்கு 55. மொத்த ஓட்டைக் கூட்டினால் அ கட்சி 180, ஆ கட்சி 120. ஆட்சி அமைப்பது யார்? இரண்டு தொகுதியை வென்ற ஆ கட்சிதான். முதல் தொகுதியில் அள்ளிய 90 ஓட்டில் 40 ஓட்டை மூட்டை கட்டிப் பக்கத்துத் தொகுதிக்கு எடுத்துப் போக முடியாது. எந்தத் தொகுதி ஓட்டு அந்தத் தொகுதியோடு சரி.

டென்னிஸில் இந்த வேலை ஒரு தடவை நடப்பதோடு நிற்பதில்லை. பாயின்ட்டுகளைச் சேர்த்து ஒரு பெட்டி, அந்தப் பெட்டிகளைச் சேர்த்து ஒரு பெரிய பெட்டி, பெரிய பெட்டிகளைச் சேர்த்து வெற்றி. ஒவ்வொரு பெட்டியும் மூடப்படும்போது உள்ளே மிச்சமிருந்ததெல்லாம் அழிக்கப்பட்டு, மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

சின்னப் பெட்டி: கேம்

ஒருவர் பந்தைப் போட, இன்னொருவர் திருப்பி அடிக்க, யாராவது தவறவிடும்வரை நடப்பது ஒரு பாயின்ட். குறைந்தது நான்கு பாயின்ட்டை, அதுவும் எதிராளியைவிட இரண்டு அதிகமாக, யார் முதலில் எடுக்கிறாரோ அவருக்கு ஒரு கேம். இதுதான் சின்னப் பெட்டி.

புதிதாகப் பார்ப்பவர்கள் வழுக்கி விழும் இடம் இங்கேதான். முதல் பாயின்ட்டை ஒன்று என்று சொல்லாமல் 15 என்கிறார்கள். இரண்டாவது 30. மூன்றாவது 40. பூஜ்யத்துக்கு 'லவ்' என்று பெயர். இந்த 15, 30, 40 பழைய கடிகார முகப்பிலிருந்து வந்தது என்று ஒரு கதை உலவுகிறது, அதை நம்பினாலும் நம்பாவிட்டாலும் ஆட்டம் பார்க்க ஒரு வித்தியாசமும் இல்லை. இவற்றை எண்ணாக எடுத்துக்கொள்ளாமல் பட்டப்பெயராக எடுத்துக்கொண்டால் போதும். 40-15 என்றால் மூன்றுக்கு ஒன்று. அவ்வளவுதான்.

இருவரும் 40-க்கு வந்துவிட்டால் அது டியூஸ். அதற்கப்புறம் தொடர்ந்து இரண்டு பாயின்ட் எடுப்பவருக்குத்தான் கேம். இடையில் ஒன்று போனால் மறுபடி டியூஸ். ஒரே கேம் கால் மணி நேரம் இழுப்பதெல்லாம் இதனால்தான். கால் மணி நேரம் மல்லுக்கட்டி வென்றாலும் கிடைப்பது ஒரு கேம், ஒன்றரை நிமிடத்தில் முடித்தாலும் ஒரு கேம்தான்.

பெரிய பெட்டி: செட்

ஆறு கேமை, இரண்டு வித்தியாசத்தில், முதலில் எடுப்பவருக்கு ஒரு செட். 6-4 போதும், 6-5 போதாது, அது 7-5 ஆக வேண்டும். விம்பிள்டன் ஒற்றையரில் ஆண்களுக்கு ஐந்து செட்டில் மூன்று எடுக்க வேண்டும், பெண்களுக்கு மூன்றில் இரண்டு.

6-6 என்று வந்து நின்றால்? அங்கே வருகிறது டைபிரேக்கர். இது ஒரு விசேஷ கேம். இதில் 15, 30 கிடையாது, நாம் எண்ணுகிற மாதிரியே ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு வித்தியாசத்தில் ஏழு பாயின்ட்டை முதலில் தொட்டவருக்கு அந்த செட், 7-6 என்று.

ரிசல்ட்டில் அடைப்புக்குறிக்குள் வரும் எண் இதைத்தான் சொல்கிறது. 7-6(5) என்றால், டைபிரேக்கரில் தோற்றவர் எடுத்தது 5. வென்றவர் எண்ணை எழுதும் வழக்கம் இல்லை, நாமே கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அடைப்பில் 5 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் வென்றவர் 7. அதற்கு மேல் இருந்தால் இரண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். 1980 இறுதியில் பியான் போர்க்கும் ஜான் மெக்கன்ரோவும் ஆடிய நான்காவது செட்டில் அடைப்புக்குள் இருப்பது 16. அப்படியானால் மெக்கன்ரோ அந்த டைபிரேக்கரை 18-16 என்று வென்றார். வென்றும் அடுத்த செட்டில் 8-6 (6-6-ஐத் தாண்டியது எப்படி என்று பின்னால் வரும்) என்று தோற்றுக் கோப்பையை விட்டார்.

இதுவரை பார்த்ததைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்: பாயின்ட் சேர்ந்தால் கேம், கேம் சேர்ந்தால் செட், செட் சேர்ந்தால் ஆட்டம். 6-6 என்றால் டைபிரேக்கர். ஒரு பெட்டி மூடினால் அதில் மீந்தது அடுத்ததற்கு வராது.

புல்லுக்கு இதில் என்ன வேலை?

இந்த எண்ணும் முறை எல்லா டென்னிஸுக்கும் பொதுதானே, விம்பிள்டனில் மட்டும் என்ன விசேஷம் என்று கேட்கலாம். விசேஷம் தரையில் இருக்கிறது.

பந்து தரையில் பட்டு எழும்போது தரை அதைக் கொஞ்சம் பிடித்து இழுக்கிறது. மொசைக் தரையில் ரப்பர் பந்தைச் சாய்வாக எறிந்து பாருங்கள், பிறகு அதே பந்தை மணலில் எறிந்து பாருங்கள். பாரிஸில் நடக்கும் பிரெஞ்சு ஓபனின் களிமண் தரை சொரசொரப்பானது. பந்தை நன்றாகப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, மேலே தூக்கிவிடும். புல் வழுக்கும். பந்து வேகத்தை அதிகம் இழக்காமல், தாழ்வாகச் சறுக்கிக்கொண்டு போகும். விம்பிள்டன் புல்லை 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைக்கிறார்கள், ஏறக்குறைய நம் சுண்டுவிரல் நகத்தின் நீளம். 2001 முதல் அது முழுக்க ரைகிராஸ் என்ற ஒரே வகைப் புல். அதற்கு முன் இன்னொரு மென்மையான புல்லும் கலந்திருந்தது. மாற்றிய பிறகு தரை இறுகி, பந்து முன்பைவிடக் கொஞ்சம் மேலே எழுகிறது. அந்தக் காலத்து வீரர்கள் முதல் பந்தைப் போட்ட கையோடு வலைக்கு ஓடுவார்கள், அதனால் இரண்டாம் வாரத்தில் வலைப்பக்கம் வரை புல் செத்துப் பழுப்பாகிக் கிடக்கும். இப்போது டிவியில் பாருங்கள், பின்கோட்டை ஒட்டி மண் தெரியும், வலைப்பக்கம் பச்சையாகவே இருக்கும்.

ஆனாலும் புல் புல்தான். வேகமாகவும் தாழ்வாகவும் வரும் பந்தைத் திருப்பி அடிப்பவருக்கு யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. லாபம் முதலில் பந்தைப் போடுபவருக்கு.

அந்த முதல் அடிக்குத்தான் சர்வ் என்று பெயர். ஒரு கேம் முழுக்க ஒருவரே சர்வ் போடுவார், அடுத்த கேமில் மற்றவர். தன் சர்வ் கேமைத் தானே வெல்வது எதிர்பார்க்கப்படுவது. எதிராளியின் சர்வ் கேமைப் பிடுங்கிவிட்டால் அது பிரேக். டென்னிஸ் பார்க்கிற ஆள் "பிரேக் விழுந்துச்சா?" என்று கேட்பது கிரிக்கெட்டில் "விக்கெட் விழுந்துச்சா?" என்று கேட்பதற்குச் சமம்.

இங்கே கொஞ்சம் கணக்கு, பயப்பட வேண்டாம். ஒருவர் தன் சர்வில் 100 பாயின்ட்டுக்கு 65 எடுக்கிறார் என்று வைப்போம். அப்படியானால் கேமிலும் 100-க்கு 65 வெல்வார் என்று தோன்றும். உண்மையில் 83 கேம் வெல்வார். 70 பாயின்ட் எடுத்தால் 90 கேம். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போகும்போது சிறிய முன்னிலை ஊதிப் பெருக்கிறது. ஒரு பாயின்ட் தவறிப் போனாலும் மீள்வதற்கு அதே கேமில் இன்னும் வாய்ப்பு இருக்கிறது அல்லவா, அதுதான் காரணம்.

இருவருமே நல்ல சர்வ்காரர்கள் என்றால் என்ன ஆகும்? ஆளுக்கு ஆறு சர்வ் கேம், ஆறையும் காப்பாற்றிக்கொள்வார்கள். 6-6. டைபிரேக்கர். அதுவரை ஒருவர் தன் கேம்களை நான்கு பாயின்ட்டில் ஊதித் தள்ளியிருக்கலாம், இன்னொருவர் ஒவ்வொன்றையும் டியூஸ் வரை போய்த் தட்டுத்தடுமாறித் தப்பியிருக்கலாம். டைபிரேக்கர் வாசலில் இருவரும் சமம்.

சுருக்கமாக, புல்தரை சர்வுக்குச் சாதகம், அதனால் பிரேக் அரிது, அதனால் செட்டுகள் டைபிரேக்கருக்குப் போகின்றன, அங்கே விரல்விட்டு எண்ணும் பாயின்ட்டுகள் ஒரு முழு செட்டைத் தீர்மானிக்கின்றன.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புவோம்

2019 ரிசல்ட் இது: 7-6(5), 1-6, 7-6(4), 4-6, 13-12(3). ரிசல்ட்டை எப்போதும் வென்றவர் பக்கத்திலிருந்துதான் எழுதுவார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் முதல் எண் ஜோகோவிச்சுடையது.

இப்போது தொகுதி தொகுதியாகப் பாருங்கள். இரண்டாவது செட்தான் ஃபெடரரின் 90-10 தொகுதி. 6-1 என்று அடித்து நொறுக்கினார். அங்கே எடுத்த உபரி பாயின்ட்டெல்லாம் அந்த செட் முடிந்ததும் காற்றோடு போனது. நான்காவதும் அவருக்கே. முதல், மூன்றாவது செட்டுகளில் யாரும் யாரையும் பிரேக் செய்யவில்லை. இரண்டும் டைபிரேக்கர், இரண்டும் ஜோகோவிச்சுக்கு. கேம்களைக் கூட்டுங்கள்: ஜோகோவிச் 32, ஃபெடரர் 36. பிரேக்குகள்: ஜோகோவிச் 3, ஃபெடரர் 7. எந்தக் கணக்கை எடுத்தாலும் ஃபெடரர் மேலே இருக்கிறார், ஒன்றைத் தவிர. செட் கணக்கு 3-2.

டைபிரேக்கர்களை மட்டும் பிரித்து எடுத்தால் படம் தலைகீழாகிறது. மூன்றிலும் சேர்த்து ஜோகோவிச் 21, ஃபெடரர் 12. கிட்டத்தட்ட ஐந்து மணி நேர ஆட்டத்தில் எது எடை கூடிய பாயின்ட்டோ அங்கே ஜோகோவிச் தவறே செய்யாதவர் போல ஆடினார். இதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. எந்த ஓட்டு எங்கே விழ வேண்டும் என்று தெரிந்து வேலை பார்த்த கட்சி அது.

ஒரு தருணத்தை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஐந்தாவது செட், 8-7, ஃபெடரர் சர்வ், 40-15. பட்டப்பெயரை நீக்கினால் மூன்றுக்கு ஒன்று. இன்னும் ஒரே பாயின்ட், கோப்பை கையில். அதுவும் இரண்டு வாய்ப்பு. முதலாவதில் அவர் அடித்த ஃபோர்ஹேண்ட் பக்கவாட்டில் வெளியே போனது. இரண்டாவதில் வலையை நோக்கி முன்னேறினார், ஜோகோவிச் பந்தைக் குறுக்காக, அவருக்கு எட்டாத பக்கம் அடித்துவிட்டார். டியூஸ். அப்புறம் பிரேக். 8-8. மொத்தம் 422 பாயின்ட் கொண்ட ஆட்டம் அந்த இரண்டில் திரும்பியது. முப்பத்தெட்டாவது பிறந்தநாளை நெருங்கிக்கொண்டிருந்த ஃபெடரர் அதற்குப் பிறகு விம்பிள்டன் இறுதிக்கு வரவேயில்லை.

அது சரி, 13-12 எங்கிருந்து வந்தது?

ஆறில் முடிய வேண்டிய செட் பதின்மூன்றுக்கு ஏன் போனது? இதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. நிஜமாகவே நீண்டது.

விம்பிள்டனில் டைபிரேக்கர் வந்ததே 1971-இல்தான். ஆனால் கடைசி செட்டுக்கு மட்டும் விலக்கு. இறுதித் தீர்ப்பை இப்படிக் குறுக்கு வழியில் எழுதக் கூடாது, இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆடட்டும் என்பது அவர்கள் வாதம். 2010-இல் முதல் சுற்றில், பதினெட்டாம் எண் ஆடுகளத்தில், அமெரிக்காவின் ஜான் இஸ்னரும் பிரான்சின் நிக்கோலஸ் மஹூவும் அந்த வாதத்தை அதன் எல்லை வரை கொண்டுபோனார்கள். ஜூன் 22 மாலை தொடங்கிய ஆட்டம், நான்கு செட் முடிந்ததும் வெளிச்சம் போய் நின்றது. மறுநாள் முழுக்க ஐந்தாவது செட் மட்டும். மின்னணு ஸ்கோர்போர்டு 47-47-இல் நின்றுபோனது, அதற்கு மேல் எண்ண அதற்குத் தெரியவில்லை. அன்றும் முடியாமல் 59-59-இல் இருட்டியது. மூன்றாம் நாள் இஸ்னர் 70-68 என்று வென்றார். மொத்தம் 11 மணி 5 நிமிடம்.

பாயின்ட்டைக் கூட்டினால் மஹூ 502, இஸ்னர் 478. இங்கேயும் அதிகம் எடுத்தவர்தான் தோற்றார். வென்ற இஸ்னரோ அடுத்த சுற்றில் 6-0, 6-3, 6-2 என்று சக்கையாகப் பிழியப்பட்டு வெளியேறினார். வென்றவரையே காலி செய்துவிடும் வெற்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

2018 அரையிறுதியில் அதே இஸ்னர், கெவின் ஆண்டர்சனிடம் கடைசி செட்டை 26-24 என்று இழந்த பிறகு நிர்வாகம் இறங்கி வந்தது. 2019 முதல் கடைசி செட்டில் 12-12 ஆனால் டைபிரேக்கர். அந்த ஆண்டு இறுதிப் போட்டியிலேயே அது தேவைப்பட்டது. 2022-இலிருந்து கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய டென்னிஸ் போட்டிகளிலும் ஒரே விதி: கடைசி செட்டில் 6-6 வந்தால் டைபிரேக்கர், அதில் மட்டும் ஏழுக்குப் பதில் பத்து பாயின்ட். ஆகவே 70-68 மாதிரி ஒரு ஸ்கோரை இனி விம்பிள்டனில் பார்க்க முடியாது. பதினெட்டாம் ஆடுகளத்தில் அந்த ஆட்டத்தின் நினைவாக ஒரு பலகை மட்டும் இருக்கிறது.

சில ரிசல்ட்டுகளைப் படித்துப் பார்ப்போம்

6-0, 6-0. 2025 பெண்கள் இறுதியில் இகா ஸ்வியாடெக் அமாண்டா அனிசிமோவாவை 57 நிமிடத்தில் வென்றது இப்படி. 1911-க்குப் பிறகு விம்பிள்டன் பெண்கள் இறுதியில் இப்படி ஒரு ஸ்கோர் வரவில்லை. இதைப் பார்த்துவிட்டு "ஒரு பாயின்ட்கூட எடுக்கவில்லையாமே" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். இல்லை. எடுத்த பாயின்ட் எதுவும் ஒரு கேமாகத் திரளவில்லை. டெபாசிட் இழந்த வேட்பாளருக்கும் ஓட்டு விழுந்திருக்கும்.

2-6, 5-7, 6-4, 6-3, 6-2. இது 1981 கால்இறுதி. வென்றவர் ஜிம்மி கானர்ஸ், தோற்றவர் நம்ம சென்னை விஜய் அமிர்தராஜ். வென்றவர் பக்கத்து எண்தான் முதலில் என்பதால், முதல் இரண்டு செட்டையும் எடுத்தது விஜய் என்று புரிகிறது. அப்புறம் அவர் எடுத்த கேம்களைப் பாருங்கள்: 4, 3, 2. ஆட்டம் கை நழுவிப் போவது எண்ணிலேயே படிக்கட்டு இறங்குகிற மாதிரி தெரிகிறது. 1973 கால்இறுதியிலும் அவர் ஐந்து செட் போராடித் தோற்றார், கடைசி செட் 7-5. அன்று அவரை வென்ற யான் கோடெஸ்தான் அந்த ஆண்டுக் கோப்பையையும் எடுத்துப் போனார். எனக்கு 81-ஐவிட இந்த 7-5தான் அதிகம் வலிக்கிறது.

இனி எல்லாப் பாடத்தையும் தலைகீழாக்கும் ஒரு வரி. 2025 ஆண்கள் நான்காவது சுற்று: யானிக் சின்னர் வெற்றி, 3-6, 5-7, 2-2, பக்கத்தில் 'ரிட்டயர்ட்'. வென்றவர் எண் முதலில் என்றால் சின்னர் இரண்டு செட்டையும் இழந்திருக்கிறாரே? ஆம், இழந்திருந்தார். எதிரே ஆடிய கிரிகோர் டிமிட்ரோவ் மூன்றாவது செட்டில் மார்புத் தசையில் அடிபட்டு, கையைத் தூக்க முடியாமல் விலகினார். ஆட்டம் தொடங்கிய பின் விலகினால் அது ரிட்டயர்ட், ஆடுகளத்துக்கே வராமல் விட்டால் வாக்ஓவர், அதில் ஸ்கோரே இருக்காது. அரங்கத்தைவிட்டு டிமிட்ரோவ் வெளியே போனபோது அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தவர் சின்னர். ஆறு நாள் கழித்து இறுதியில் கார்லோஸ் அல்கராஸை 4-6, 6-4, 6-4, 6-4 என்று வென்று கோப்பையை வாங்கினார்.